சைவ வீட்டுத் தூண்டில்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். "கத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுவேன். கேட்பதற்கு நல்ல குணம் போலத்தான் இருக்கும். ஆனால் தெரியும் என்று பொய் சொல்கிறவர் தான் மட்டும் மாட்டிக்கொள்வார். கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர் பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்து மாட்டிவிடுவார். நான் யாரை மாட்டினேன், எதில் மாட்டினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூற்றேழாம் வருடம். எனக்கு இருபத்து மூன்று வயது. கல்கத்தாவில் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பா துறைமுக அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சுத்த சைவம். கீழ்வீட்டு மாஷிமா (மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி எல்லாம்தான், உறவே இல்லாவிட்டாலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்) மீன் வறுக்கும்போது அம்மா ஜன்னல்களைச் சாத்தி ஊதுபத்தி ஏற்றுவாள். அம்மா பெருங்காயம் பொரிக்கும்போது மாஷிமா தன் ஜன்னல்களைச் சாத்திக்கொள்வார். இப்படி ஒருவரையொருவர் மதித்து இருபது வருடம் ஒற்றுமையாக வாழ்ந்துவந்தோம்.

பி.ஏ. முடித்துவிட்டு நான் ஒரு சின்னச் சுற்றுலாக் கம்பெனியில் கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி என்பது இரண்டு மேஜை, ஒரு ஃபேக்ஸ் மெஷின், முதலாளி ஷுபிர்தா, அவ்வளவுதான். (தா என்றால் அண்ணன். முதலாளியை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் லீவு கேட்பது மிகவும் கஷ்டம்.) வெளிநாட்டுக்காரர்களை வடகிழக்கு மலை ஆறுகளுக்கு அழைத்துப்போய் மஹ்சீர் என்ற பெரிய மீனைப் பிடிக்கவைப்பதுதான் கம்பெனியின் தொழில். அதுவும் சாதாரணத் தூண்டில் இல்லை, ஃப்ளை ஃபிஷிங். இதில் புழு கிடையாது. இறகும் நூலும் வைத்துக் கட்டிய ஒரு பொய்ப் பூச்சிதான் இரை. பூச்சிக்கு எடையே இல்லை என்பதால் தடித்த நூலைத்தான் வீச வேண்டும். நூல் முதலில் பின்பக்கம் பறந்து முழுதாக நீண்டு, பிறகு முன்பக்கம் வந்து, பூச்சி தானாகவே தண்ணீரில் வந்து உட்கார்ந்தது போல இறங்க வேண்டும். பிடித்த மீனை அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் நான் கடிதம் கடிதமாக எழுதியிருந்தேன். "காலைப் பனியில் பச்சைக் கண்ணாடி போல ஓடும் ஆறு" என்று என் சொந்தக் கற்பனையைச் சேர்த்து நூறு பேருக்காவது ஃபேக்ஸ் அனுப்பியிருப்பேன். அவர்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் மட்டும் மெட்ரோவில் ஏறி வீட்டுக்குப் போனேன். அந்தப் பொறாமை உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஆகஸ்டில் கம்பெனியின் வழிகாட்டி திடீரென்று கல்யாணம் செய்துகொண்டு மாமனாரின் மருந்துக்கடையில் உட்கார்ந்துவிட்டார். நவம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு தம்பதி வருவதாக இருந்தது. ஷுபிர்தா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கி, என் பழக்கப்படி, கற்றுக்கொள்கிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். தம்பதி மலைக்குப் போகுமுன் கல்கத்தாவில் இரண்டு நாள் தங்குவார்கள். அதில் ஒரு நாள் அவர்கள் முன்னால் நான் வீசிக் காட்ட வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் நான் போகலாம். இல்லையென்றால் தில்லியிலிருந்து ஓர் ஆளை வரவழைப்பார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி மைதிலி, மீன் வாசனை பட்டா ஜன்னலைச் சாத்துத வீட்டுல பொறந்துட்டு மீன் பிடிக்கக் கத்துக் குடுக்கப் போறியா?"

சாப்பிட இல்லை, பிடித்து ஆற்றிலேயே விட்டுவிடுவோம் என்றேன்.

"விடுததுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

அப்பா செய்தித்தாளை மடித்துவைத்தார். என்னவும் செய்துகொள், ஆனால் என்னிடம் அனுமதி கேட்காதே, வேடிக்கை பார்க்கவும் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கேட்காதே என்றால் கூடாது என்று அர்த்தமில்லை என நானாக முடிவு செய்துகொண்டேன்.

கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. காலேஜ் தெரு நடைபாதையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அதுதான் என் பள்ளிக்கூடம். தூண்டில் கோலைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள் என்றது புத்தகம். முன்னால் பத்து மணியில் நிறுத்து, பின்னால் ஒரு மணியில் நிறுத்து. அதற்கு மேல் போனால் நூல் தரையில் விழும். கம்பெனியின் பழைய கோல் ஒன்றை எடுத்துவந்து, கொக்கிக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, தினமும் காலையில் மொட்டை மாடியில் "பத்து... ஒண்ணு... பத்து... ஒண்ணு..." என்று வீசினேன். மூன்றாம் நாள் நூல் மாஷிமாவின் டி.வி. ஆன்டெனாவைச் சுற்றிக்கொண்டது. அதை விடுவிக்க நான் இழுத்த இழுப்பில் ஆன்டெனா திரும்பி, கீழ்வீட்டில் படம் போய்ப் புள்ளிகள் மட்டும் வந்தன. மாஷிமா மேலே ஏறி வந்து என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், பெண்ணுக்குச் சீக்கிரம் வரன் பாருங்கள், மணியை எண்ணிக்கொண்டு காற்றை அடிக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீனைக் கையில் பிடிப்பது அடுத்த பாடம். விருந்தாளி பிடித்த மீனைக் காயமில்லாமல் எடுத்து விடுவது வழிகாட்டியின் வேலை. நானோ அதுவரை மீனைத் தொட்டதில்லை. லேக் மார்க்கெட்டில் எங்களுக்குத் தெரிந்த உலகம் முருங்கைக்காய், அப்பளம், காப்பிப்பொடியோடு முடிந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டி மீன் பகுதிக்குப் போனேன். அலுமினியப் பாத்திரத்தில் உயிருள்ள மீன்களை வைத்து விற்கும் ஓர் அம்மாளிடம், வாங்க வரவில்லை, பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறேன் என்று வங்காளியில் கேட்டேன். அவர் தன் தொழிலில் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்திருப்பார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பிடி என்றார்.

கையை நனைத்துக்கொண்டு, வயிற்றின் அடியில் மெதுவாகத் தாங்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. தாங்கினேன். மீன் வாலால் என் கன்னத்தில் ஓர் அறை விட்டுப் பக்கத்துக் கடைக்காரரின் தராசுத் தட்டில் போய் விழுந்தது. விடாமல் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை மீன் என் கையில் பேசாமல் படுத்திருந்தது. அந்த அம்மாள் தலையை ஆட்டினார். அது எனக்குப் பட்டம் வாங்கியது போல இருந்தது. அதற்குள் அப்பளக் கடையில் யாரோ பார்த்து, சூப்பரின்டெண்டென்ட் பெண் வாராவாரம் மீன் வாங்குகிறாள் என்ற செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

பொய்ப் பூச்சி கட்ட இறகு, முடி, பளபளப்பான நூல் எல்லாம் வேண்டும். அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையிலிருந்து ஜரிகை உருவினேன். முடிக்கு அப்பாவின் ஷேவிங் பிரஷ்தான் கிடைத்தது. ஒரு நாளைக்கு நாலு முடி எடுத்தால் தெரியாது என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் பிரஷ் வழுக்கை விழுந்து நின்றது. ஒருநாள் காலையில் குளியலறையில் புது பிரஷ் இருந்தது. பழையது என் மேஜைமேல், புத்தகத்தின் பக்கத்தில் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கக்கூட எனக்கு அப்போது புத்தி இல்லை. கிடைத்ததடா முடி என்று எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம் முதலுதவி. யாருக்காவது கொக்கி தைத்துவிட்டால் எடுப்பது எப்படி? கொக்கியின் நுனியில் பின்னோக்கி ஒரு சின்ன முள் இருக்கும். வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழித்துவிடும். அதனால் நுனியை மறுபக்கம் வெளியே வரும்படி முன்னால் தள்ளி, முள்ளைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் உருவ வேண்டும். வாங்கி வரும் கத்திரிக்காய்களில் எல்லாம் இதைப் பழகினேன். அம்மா கடைக்காரரிடம் போய், வாரம் தவறாமல் சொத்தைக் கத்திரிக்காயே தருகிறாய் என்று சண்டை போட்டாள். அவருக்கு நான் இன்னும் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறேன்.

நவம்பர் வந்தது. தம்பதியும் வந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும். மீன் பிடிக்கிறவர் கணவர் என்று நினைத்து அவருக்கு வணக்கம் சொன்னேன். அவர் மடக்கு நாற்காலியைத் தூக்குகிறவர் மட்டுமே என்றும், மீன் பிடிக்கிறவர் தாமே என்றும் அவருடைய மனைவி திருத்தினார். (முதல் தவறு. கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அலிப்பூர்ப் பக்கம் ஒரு மீன்பிடிச் சங்கத்தின் குளக்கரையில் ஷுபிர்தா ஏற்பாடு செய்திருந்தார். கரை முழுக்க ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்கள் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வங்காளிகள் பேசாமல் இருப்பதை நான் பார்த்த ஒரே இடம் அதுதான். நான் நடந்துபோனதற்கே இரண்டு பேர் உஷ் என்றார்கள்.

மூன்று மாதமும் கம்பளி நூலைக் கட்டித்தான் பழகியிருந்தேன். அன்றைக்கும் அதையே கட்டியிருக்கலாம். ஆனால் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் முன்னால் கம்பளியா? நான் கட்டியதிலேயே அழகான பூச்சியை, கொக்கியும் முள்ளுமாக, நுனியில் முடிந்தேன். விருந்தாளிகள் பக்கத்தில் இருந்தால் வழிகாட்டி முள்ளை முன்கூட்டியே நசுக்கிவிட வேண்டும் என்ற வரிக்குப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டது நான்தான். வீசுமுன் பின்னால் திரும்பிப் பார் என்ற வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வீச்சு சுமார். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் உற்சாகம் ஏறி நூலை இன்னும் நீளமாக விட்டேன். பின்னால் போன நூல் முன்னால் வரவில்லை. மரக்கிளையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, புத்தகத்தில் சொன்னபடி இரண்டு முறை சுண்டி இழுத்தேன். மூன்றாவது முறை இழுக்கப் போனபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், ரொம்ப நிதானமாக, திருநெல்வேலித் தமிழில் கேட்டது.

"மெதுவா, மெதுவா. நான்தாம்ட்டி."

திரும்பினேன். பஸ்ஸை நிறுத்துகிறவர் போல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, மறுகையில் மஞ்சள் பையோடு அப்பா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இடது காதில் என் அழகான பூச்சி தொங்கியது. ஜரிகை வெயிலில் மின்னியது.

என் வாயில் வந்த முதல் கேள்வி எவ்வளவு முட்டாள்தனமானது என்று இப்போது தெரிகிறது. நீங்கள் எங்கே இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"காப்பிப்பொடி வாங்க வந்தேன்" என்றார்.

காப்பிப்பொடிக் கடை இருக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் அந்தக் குளத்துக்கும் சம்பந்தமே இல்லை. வேடிக்கை பார்க்கக் கூப்பிடாதே என்று சொன்ன மனிதர், கூப்பிடாமலே இரண்டு பஸ் மாறி வந்து, என் கண்ணில் படக்கூடாதென்று சரியாக என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

நூல் விறைத்து நிற்பதைப் பார்த்த எதிர்க்கரைத் தூண்டில்காரர் ஒருவர் மௌனத்தைக் கைவிட்டு, என்ன மீன் என்று வங்காளியில் குரல் கொடுத்தார். அப்பா காதைப் பிடித்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னார்.

"மாச் நா. மாத்ராஜி."

மீனில்லை, மதராஸி. கரை முழுக்கக் குடைகள் குலுங்கின. ஷுபிர்தா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தன் கார் எங்கே என்று தேட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம், இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். தில்லி ஆளுக்கு அவர் மனசுக்குள் அப்போதே ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் ஐந்து பேரில் இந்தக் கொக்கியை எடுக்கத் தெரிந்த ஆள் நான்தான். நூலை வெட்டினேன். கணவரின் மடக்கு நாற்காலியை வாங்கி அப்பாவை உட்காரவைத்தேன். முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு காதைப் பார்த்தேன். கொக்கி காதுமடலுக்குள் ஏறி, நுனி மறுபக்கம் தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"எத்தனை தடவை செஞ்சு பாத்திருக்கே?" என்று கேட்டார் அப்பா.

"அறுபது தடவை இருக்கும்ப்பா."

"ஆளுக்கா?"

"கத்திரிக்காய்க்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. கத்திரிக்கான்னு நினைச்சுக்கோ."

நினைத்துக்கொண்டேன். நுனியை முன்னால் தள்ளினேன். அது எதிர்ப்பே இல்லாமல் வெளியே வந்தது. எட்டு வயதில் அப்பாவுக்கு ஊரில் காது குத்தியிருந்தார்கள். கடுக்கனைக் கழற்றி எத்தனையோ வருடமாகி, துளை தூர்ந்துபோய் ஒரு சின்னக் குழி மட்டும் மிச்சமிருந்தது. என் கொக்கி அத்தனை பெரிய குளக்கரையில் அந்தக் குழியைத் தேடிப் போய் இறங்கியிருந்தது. முள்ளை வெட்டினேன். டக்கென்று சத்தம் கேட்டு அப்பாவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. மிச்சத்தை உருவினேன். இரண்டு சொட்டு ரத்தம். பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"ஆச்சா?" என்றார் அப்பா.

"ஆச்சு."

"பொறவு ஏன் நிக்கே? போய் வீசு. அவுக காத்துக்கிட்டு இருக்காக."

கார் சாவியோடு நின்ற ஷுபிர்தாவை நான் பார்க்கவே இல்லை. புதிய பூச்சி ஒன்றை எடுத்து, பிளேயரால் முள்ளை நசுக்கினேன். எல்லோரையும் என் இடப்பக்கம் வந்து நிற்கச் சொன்னேன். அப்பா பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்து அம்மாளின் பக்கத்தில் போய் நின்றார். திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது முறையும் திரும்பிப் பார்த்தேன். பத்து. ஒண்ணு. நூல் பின்னால் போய், நீண்டு, தலைக்கு மேலே கடந்து, பூச்சி குளத்தில் வளையம்கூடப் பெரிதாகப் போடாமல் உட்கார்ந்தது. மூன்று மாதத்தில் அப்படி ஒன்று எனக்கு விழுந்ததே இல்லை. மீன் ஒன்றும் வரவில்லை. அந்தக் குளத்து மீன்களுக்கு ஸ்காட்லாந்துப் பழக்கவழக்கம் தெரியாது.

அந்த அம்மாள் என்னிடமிருந்து கோலை வாங்கி, பூச்சியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது என்ன விலங்கின் முடி என்று கேட்டார். அப்பாவின் ஷேவிங் பிரஷ் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, ஆமாம், தெரியும் என்பது போலத் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு அவர் ஷுபிர்தாவிடம் சொன்னதை நான் மறக்க மாட்டேன். தன்னையே மூன்று வழிகாட்டிகள் கொக்கியால் குத்தியிருக்கிறார்கள், ஒருவருக்கும் அதை எடுக்கத் தெரிந்ததில்லை, ஒருவர் மயங்கியே விழுந்துவிட்டார், வீசுவது ஆற்றில் தானாகப் படியும், கை நடுங்கினாலும் வேலை நடுங்காத பெண் வேண்டும் என்றார். ஆனால் முதல் மூன்று நாள் என்னிடமிருந்து பதினைந்து கஜம் தள்ளித்தான் நிற்பதாகவும் சேர்த்துக்கொண்டார். நியாயமான நிபந்தனை.

அப்பாவுக்கு டி.டி. ஊசி போட்டுக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போனபோது, அம்மா முதலில் காதைப் பார்த்தாள், பிறகு மஞ்சள் பையைப் பார்த்தாள். அதில் காப்பிப்பொடி இல்லை. இருவரையும் உட்காரவைத்து முழுக்கதையையும் வாங்கிவிட்டாள். கடைசியில் அவள் கோபம் என் பக்கம் வரவில்லை.

"மகள் வேலையப் பாக்கணும்னா முன்னால போய் நிக்கணும். ஒளிஞ்சு நின்னா இப்படித்தான்."

அடுத்த வாரம் நான் மலைக்குக் கிளம்பினேன். ஹவுரா ஸ்டேஷனில் அப்பா என் பெட்டிகளை அடுக்கிவிட்டு, மறக்காமல் என் இடப்பக்கம் வந்து, முன்னால் நின்று கையசைத்தார். அதன் பிறகு ஏழு குளிர்காலம் அந்த வேலையைச் செய்தேன். விருந்தாளிகளிடமிருந்து இருபதுக்கு மேல் கொக்கி எடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட நான் மாட்டியதில்லை.

அப்பாவின் காதுத் துளை மூடவில்லை. குத்திய காது வெறுமையாக இருக்கக்கூடாது என்று அம்மா பெட்டியில் கிடந்த பழைய கடுக்கனில் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள். வலது காது தூர்ந்தே கிடந்ததால் இடது காதில் மட்டும். ஐம்பத்து நாலு வயது சூப்பரின்டெண்டென்ட் ஒற்றைக் கடுக்கனோடு அலுவலகத்துக்குப் போனதும் பெரிய பேச்சாகிவிட்டது. இளம் குமாஸ்தாக்கள் அவரைத் திடீரென்று மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. என் மகள் செய்தது என்று மட்டும் சொல்வாராம். கேட்டவர்கள் நான் நகைக்கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். இரண்டாயிரத்து மூன்றில் ஓய்வு பெற்றபோது எடுத்த பென்ஷன் போட்டோவிலும் அந்தக் கடுக்கன் இருக்கிறது.

ஊரில் எங்கள் சொந்தத்தில் எந்தக் குழந்தைக்குக் காது குத்தினாலும், ஆசாரி வர நேரமானால், மைதிலி கிட்ட சொல்லுங்க, தூரத்துல இருந்தே குத்திருவா என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்பா உடனே சட்டையைச் சரிசெய்துகொண்டு கதை சொல்லத் தயாராகிவிடுவார். அவர் சொல்லும்போது நூலின் நீளம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. போன தடவை அவர் கதையில் குளத்தின் அக்கரையிலிருந்தே அவர் காதைப் பிடித்துவிட்டேன். கதை முடிந்து குடும்பப் போட்டோ எடுக்க எல்லோரும் எழுந்து நிற்கும்போது, யாரும் சொல்லாமலே, என்னைக் கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள். இருபத்தைந்து வருடமாக எந்தப் போட்டோவிலும் எனக்குப் பின்னால் ஆள் இல்லை.